அடுப்பில்லாதவர்களின் நகரம்

கொல்கத்தாவுக்குப் பயணம் செல்வோர் விரும்பித் தேடிப் போகும் உணவகங்களையும் மதுக்கூடங்களையும் அவை தொடங்கிய காலத்தோடு சேர்த்து வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றில் மிகப் பல, அந்த நகரத்தில் சொந்தமாக ஓர் அடுப்புகூட இல்லாதவர்களை நம்பித் தொடங்கப்பட்டவை என்பது தெரியவரும். கிராமத்தில் மனைவி மக்களை விட்டுவிட்டு அலுவலக வேலைக்கு வந்த குமாஸ்தா, அரசை இழந்து ஆற்றங்கரையில் குடியமர்ந்த நவாப், பாக்தாதிலிருந்து வணிகத்துக்கு வந்த யூதர், தோல் பதனிட வந்த சீனர், மணமாகாத வெள்ளைக்கார அதிகாரி என வந்து சேர்ந்த ஒவ்வொரு கூட்டமும் தனக்கேற்ற ஒரு வகைச் சாப்பாட்டுக் கடையை அங்கே உண்டாக்கிக்கொண்டது. இன்றைய பயணி இரண்டு மூன்று நாள் மட்டும் அடுப்பில்லாமல் இருப்பவர்; அந்தக் கடைகளோ ஆண்டுக் கணக்கில் அவ்வாறு இருந்தவர்களுக்காக ஏற்பட்டவை. எந்த மேசையில் உட்கார்வது, எதற்கெல்லாம் தனிக்காசு, பணத்தை எப்போது கொடுப்பது என்பன போன்ற அவற்றின் வழக்கங்கள் புதியவருக்கு முதலில் விநோதமாகப் படலாம். யாருக்காக அவை ஏற்பட்டன என்பது தெரிந்துவிட்டால் எல்லாம் இயல்பாகிவிடும்.

இவற்றுள் முதலில் பேச வேண்டியது பைஸ் ஹோட்டல். பைஸ் என்பது 1957-இல் தசம நாணயமுறை வருவதற்கு முன் புழங்கிய சிறு காசு; 16 அணா கொண்ட ஒரு ரூபாயில் 64 பைஸ் இருந்தன; தமிழ்நாட்டில் காலணா என்று வழங்கியதும் இதுவும் ஒன்றே. சில பைஸ் கொடுத்தால் வயிறு நிறையும் கடை என்ற பொருளில் அந்தப் பெயர் ஏற்பட்டது; காசு மறைந்து அறுபது ஆண்டுக்கு மேலாகியும் பெயர் நிற்கிறது. ஹோட்டல் என்ற சொல் இங்கே தங்கும் விடுதியைக் குறிக்காது. தமிழர் வழக்கில் 'ஓட்டல்' போலவே, சாப்பிடும் இடம் என்பது மட்டும்தான் பொருள்.

பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக 1911 வரை இருந்த கொல்கத்தாவில், அரசு அலுவலகங்களும் வணிகக் கம்பெனிகளும் எழுதுபணிக்கு ஆயிரக்கணக்கான ஆண்களை ஈர்த்தன. வங்காளத்தில் அவர்களுக்குக் 'கெரானி' என்று பெயர். மலேசியத் தமிழர் தோட்டத்து எழுத்தரைக் 'கிராணி' என்றழைத்ததும் இதே சொல்லால்தான். குடும்பத்தைக் கிராமத்திலேயே வைத்துவிட்டு வந்த இவர்கள், ஓர் அறையை நால்வர் ஐவராகப் பகிர்ந்துகொண்டு தங்கிய வாடகை வீடுகள் 'மெஸ்பாரி' எனப்பட்டன. 'பாரி' என்றால் வீடு. வங்காள இலக்கியத்தில் இந்த மெஸ் வாழ்க்கைக்குத் தனி இடமே உண்டு. சரதிந்து பந்தோபாத்யாயின் துப்பறியும் நாயகன் பியோம்கேஷ் பக்ஷியும் அவனுடைய நண்பன் அஜித்தும் முதன்முதலில் சந்தித்துக்கொள்வது ஒரு மெஸ்ஸில்தான். நகைச்சுவை எழுத்தாளர் சிப்ராம் சக்ரவர்த்தி முக்தாராம் பாபு தெருவில் இருந்த ஒரு மெஸ்ஸிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். சில மெஸ்களில் சமையற்காரர் இருந்தார். இல்லாத இடங்களில் பைஸ் ஹோட்டல்தான் வீட்டுச் சமையலறையின் வேலையைச் செய்தது.

பைஸ் ஹோட்டலின் கணக்குமுறையை விளங்கிக்கொள்ள, தமிழ்நாட்டு 'முழுச் சாப்பாடு' என்ற ஏற்பாட்டை மனத்திலிருந்து ஒதுக்கிவைக்க வேண்டும். ஒரே விலைக்குச் சோறும் சாம்பாரும் பொரியலும் கேட்கக் கேட்க வரும் வழக்கம் அங்கே இல்லை. சோறு தனி, பருப்பு தனி, கீரை தனி, மீன் தனி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. அதிலும் மீனுக்கு அன்றைய சந்தை நிலவரமும் துண்டின் அளவும் சேர்ந்து விலை வைக்கும். வாழையிலைக்குத் தனிக்காசு, எலுமிச்சைத் துண்டுக்குத் தனிக்காசு. இலைக்குக்கூடவா காசு என்று வியப்போர், மாதக் கடைசியில் கையில் எண்ணிவைத்த காசோடு வந்து உட்கார்ந்த கெரானியின் இடத்திலிருந்து பார்த்தால், இந்த முறையில் இருக்கும் கண்ணியம் விளங்கும். சம்பள நாளில் அவர் மீன் தலை போட்ட பருப்பும் ஆட்டிறைச்சிக் குழம்பும் வாங்கலாம், இருபத்தெட்டாம் தேதியன்று வெறும் சோற்றோடும் பருப்போடும் நிறுத்திக்கொள்ளலாம்; இரண்டு நாளும் அதே பெஞ்சில், அதே மரியாதையோடு சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம்.

பழைய கடைகளில் அச்சிட்ட பட்டியல் கிடையாது. காலையில் சந்தையில் எது கிடைத்ததோ அதுவே அன்றைய சமையல் என்பதால், சுவரில் ஒரு கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைப்பார்கள், அல்லது பரிமாறுபவர் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார். சாப்பிட்டு முடித்துக் கல்லாவுக்குப் போகும்போது, யார் எத்தனை கரண்டி என்ன வாங்கினார் என்பதை அவரே நினைவிலிருந்து உரக்கச் சொல்ல, முதலாளி தொகையைக் கூட்டி வாங்கிக்கொள்வார்.

'ஹிந்து ஹோட்டல்' என்ற சொற்கள் பல பைஸ் ஹோட்டல்களின் பெயரில் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஊரை விட்டு வந்த ஆண்களுக்கு யார் சமைத்தது என்ற கேள்வி பெரிதாக இருந்த காலத்தில், பிராமணச் சமையற்காரரை வைத்திருக்கிறோம் என்ற உறுதிமொழியாக அந்தப் பெயர் நின்றது. சிலரை உள்ளே அழைத்த அதே பலகை வேறு சிலரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தச் சமையற்காரர்களைத் 'தாக்குர்' என்று அழைத்தார்கள். அவர்களில் பலர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், அதாவது அவர்களும் அடுப்பை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களே. பிபூதிபூஷண் பந்தோபாத்யாய் 1940-இல் வெளியிட்ட 'ஆதர்ச ஹிந்து ஹோட்டல்' என்ற நாவலின் நாயகன் இப்படிப்பட்ட ஒரு சமையற்காரன்தான். தன் பெயரில் ஒரு கடை வைக்க வேண்டும் என்ற அவனுடைய ஆசையே கதை.

கல்லூரித் தெருவை ஒட்டிய பவானி தத்தா சந்தில் உள்ள ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல், ஒடிசாக்காரர் ஒருவர் தொடங்கியது. விடுதலைக்குப் பிறகு 'ஸ்வாதீன் பாரத்' (சுதந்திர பாரதம்) என்ற முன்னொட்டைப் பெற்ற இந்தக் கடையில், கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் படித்த நாட்களில் சுபாஷ் சந்திர போஸ் சாப்பிட்டதாகச் சொல்லப்படுகிறது. புது மார்க்கெட்டுக்கு அருகே ஜான்பஜாரில் உள்ள சித்தேஸ்வரி ஆசிரமத்துக்கு மடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. அங்கே 'கவிராஜி ஜோல்' என்ற, மசாலா குறைந்த, நீர்த்த மீன் குழம்பு பேர்பெற்றது. கவிராஜ் என்றால் ஆயுர்வேத வைத்தியர். வயிற்றுக்கு இதமானது என்பதே பெயரின் கருத்து. தெற்குக் கொல்கத்தாவில் ராஷ்பிகாரி சாலைப் பகுதியில் உள்ள தருண் நிகேதன் 1915-இல் தொடங்கியது.

வங்காளிச் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. அது தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்தால் பரிமாறுபவர் முகம் சுளிப்பார். பாகற்காய் முதலிய கசப்புக் காய்கள் சேர்ந்த 'சுக்தோ' முதலில் வரும். பிறகு பருப்பும் காய்கறியும். கசகசாவை அரைத்துச் சேர்த்த 'போஸ்தோ'வையும் வாழைப்பூவைக் கொண்டு செய்த 'மோச்சார் கொண்டோ'வையும் இந்த இடத்தில் கேட்கலாம். அதன் பிறகே மீன், அதற்கும் பிறகு இறைச்சி. சட்னி என்று தமிழர் இட்லிக்குத் தொட்டுக்கொள்வது அங்கே தக்காளியோ மாங்காயோ சர்க்கரையோடு வெந்த இனிப்புக் குழைவாகச் சாப்பாட்டின் முடிவில் வரும். மழைக்காலத்தில் போனால், தமிழில் உல்லம் என்றும் வங்காளத்தில் இலிஷ் என்றும் அழைக்கப்படும் மீன் கிடைக்கும். அதன் முள்ளுக்குப் பயந்தவர்கள் 'பப்தா'வோடு நிறுத்திக்கொள்வது நல்லது. துணிந்தவர்கள் 'கொய்' எனப்படும் பனையேறிக் கெண்டையைக் கேட்கலாம். எல்லாம் கடுகெண்ணெயில் செய்தவை. அதன் காரநெடி முதல் கவளத்தில் மூக்கில் ஏறும், மூன்றாவது கவளத்தில் பழகிவிடும். மதியம் 12 மணி முதல் 2 மணிக்குள் போய்விட வேண்டும், மேசையை முன்பின் தெரியாதவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், இலை காலியான பிறகு பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. பின்னால் ஒருவர் அந்த இடத்துக்காக நின்றுகொண்டிருப்பார்.

பேசிக்கொண்டு உட்கார்வதற்கென்று வேறு இடங்கள் ஏற்பட்டன. இலக்கு எதுவும் இல்லாமல் மணிக்கணக்கில் நண்பர்கள் கூடிப் பேசுவதை வங்காளிகள் 'அட்டா' என்கிறார்கள். தமிழில் அரட்டை என்றால் அதில் சற்று இளக்காரம் தொனிக்கும், அட்டா என்பதை அவர்கள் பெருமையோடுதான் சொல்வார்கள். அதற்குத் தேவை ஒரு கோப்பைத் தேநீரும் விரட்டாத முதலாளியும். அந்தத் தேவையை நிறைவேற்றிய சிற்றுண்டிக் கடைகளுக்குக் 'கேபின்' என்ற பெயர் வந்தது. கூடத்தின் ஓரங்களில் மரத்தடுப்பும் திரைச்சீலையும் கொண்ட சிறு அறைகள் இருந்ததே காரணம். பெண்கள் பொது இடத்தில் அமர்ந்து சாப்பிடுவது தவறாகக் கருதப்பட்ட காலத்தில் அந்தத் திரைதான் அவர்களுக்கு வழிவிட்டது. காதலர்களுக்கும் அது உதவியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கல்லூரித் தெருப் பகுதியில் 1918-இல் தொடங்கிய தில்குஷா கேபினில் கவிராஜி கட்லெட் கிடைக்கும். இதற்கும் முன்பு சொன்ன வைத்தியருக்கும் உறவில்லை. அடித்த முட்டை சல்லடைபோல் பொரிந்து கட்லெட்டை மூடியிருப்பதால், ஆங்கிலத்தின் 'கவரேஜ்' என்ற சொல்தான் கவிராஜி என்று திரிந்தது என்பார்கள். சமையற்காரர்களின் சொல்லாராய்ச்சியை முழுதாக நம்ப வேண்டியதில்லை, கட்லெட்டை நம்பலாம். அதே 1918-இல் சிட்டகாங்கிலிருந்து வந்த பௌத்த பருவா குடும்பத்தார் தொடங்கிய ஃபேவரிட் கேபினும், பாரமவுண்ட் சர்பத் கடையும் விடுதலைப் போராளிகள் சந்தித்த இடங்களாக அறியப்படுகின்றன. பாரமவுண்ட்டின் இளநீர் சர்பத்துக்கு வேதியியலறிஞர் பிரபுல்ல சந்திர ராய் யோசனை கொடுத்தார் என்பது கடையின் பெருமை.

கல்லூரித் தெருவின் இந்தியன் காஃபி ஹவுஸ் இவற்றில் மிகப் பேர்பெற்றது. அதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம் என்பதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1876-இல் ஏற்பட்ட ஆல்பர்ட் ஹால் என்ற கட்டடத்தில், காபியின் விற்பனையைப் பெருக்குவதற்காகக் காபி வாரியம் 1942-இல் இதைத் திறந்தது. பிற்காலத்தில் அது மூடப்பட்டபோது பேராசிரியர்களும் மாணவர்களும் முறையிட்டு மீட்டார்கள்; இப்போது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. பால் சேராத காபிக்கு அங்கே 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். காபிக்காகவே போகும் தமிழர் ஏமாறக் கூடும் என்பதை முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவைக்கலாம். தேயிலை விளையும் மாநிலத்தில் அந்தக் கோப்பை, நாற்காலியில் உட்காருவதற்கான வாடகை என்றே கொள்ளத்தக்கது.

அடுப்பை இழந்து வந்தவர்களில் மிகப் பெரியவர் அவத் நவாப் வாஜித் அலி ஷா. 1856-இல் கம்பெனி அரசு லக்னோவைப் பறித்துக்கொண்ட பிறகு கொல்கத்தா வந்து, ஹூக்ளி ஆற்றங்கரையில் மெட்டியாபுருஸ் என்ற இடத்தில் குடியமர்ந்து, 1887-இல் அங்கேயே இறந்தார். அவரோடு சமையற்காரர்களும் வந்தார்கள். கொல்கத்தா பிரியாணி அவர்களிடமிருந்து கிளைத்தது. அதன் அடையாளம் முழுசாகக் கிடக்கும் ஓர் உருளைக்கிழங்கு. நாடிழந்த நவாபுக்கு இறைச்சி வாங்கப் பணமில்லாததால் கிழங்கைப் போட்டார்கள் என்று நகரம் முழுவதும் சொல்லப்படும் கதை நம்பத்தக்கதாக இல்லை. மாதம் 1 லட்சம் ரூபாய் ஓய்வூதியம் பெற்று, தனியாக விலங்குக்காட்சிச் சாலையே வைத்திருந்தவர் ஆட்டிறைச்சிக்குத் திண்டாடியிருக்க வாய்ப்பு குறைவு. அன்றைக்கு உருளைக்கிழங்கு புதுப்பண்டம், அதனாலேயே அது பாத்திரத்தில் இடம்பிடித்தது என்று நவாபின் வழிவந்தோர் கூறுவது பொருத்தமாகப் படுகிறது. லக்னோ வழிச் சமையலைச் சித்பூரில் 1905-இல் தொடங்கிய ராயல் இந்தியன் ஹோட்டலில் சுவைக்கலாம். புது மார்க்கெட்டின் பின்புறம் 1932-இல் தொடங்கிய நிஜாமில், கபாபைப் பரோட்டாவில் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். பின்னாளில் இரும்புக் கம்பிக்குப் பதிலாக மூங்கில் குச்சியில் இறைச்சியைக் கோத்துச் சுட்டதால், குச்சி என்று பொருள்படும் 'காத்தி' என்ற சொல் சேர்ந்து காத்தி ரோல் ஆயிற்று.

புது மார்க்கெட்டுக்கு உள்ளேயே நாஹூம் என்ற ரொட்டிக் கடை இருக்கிறது. பாக்தாத் யூதர் ஒருவர் 1902-இல் தொடங்கியது. நகரத்து யூதர்கள் இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்துவிட, இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே எஞ்சியிருக்கிறார்கள். யூதர் வைத்த கடையில் முஸ்லிம் தொழிலாளர்கள் சுட்ட பிளம் கேக்கைக் கிறிஸ்துமஸுக்காக வாங்க, டிசம்பரில் வங்காளி இந்துக்கள் வரிசையில் நிற்பார்கள்.

சீனர்களின் கதை இதைவிட நீண்டது, துயரமானது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், டோங் அச்சியூ என்ற சீனர் நகரத்துக்குத் தெற்கே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை தொடங்கினார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிபூர் எனப்படுகிறது. பிறகு வந்தவர்கள் திரெட்டா பஜாரிலும், தோல் பதனிடும் ஹக்கா இனத்தவர் நகரின் கிழக்கே டாங்ராவிலும் நிலைகொண்டார்கள். திரெட்டா பஜாரில் விடியற்காலையில் தெருவோரம் ஆவியில் வெந்த ரொட்டியும் மீன் உருண்டைச் சூப்பும் விற்பார்கள். 8 மணிக்கு மேல் போகிறவருக்குக் காலிப் பாத்திரங்களே கிடைக்கும். கணேஷ் சந்திர அவென்யூவில் உள்ள ஓ சியூ, ஒரே குடும்பத்தார் தலைமுறைகளாக நடத்திவரும் உணவகம். நடுவில் கரித்தணல் எரியும் புகைபோக்கிப் பாத்திரத்தில் மேசைக்கு வரும் 'சிம்னி சூப்' அதன் சிறப்பு. 1962 போரின்போது சீன வம்சாவளியினர் பலர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். மாசுபாட்டின் காரணமாகத் தோல் ஆலைகளை நகரத்துக்கு வெளியே கொண்டுபோகும்படி 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு, டாங்ராவில் எஞ்சியோருக்கு உணவகங்களே முதன்மைத் தொழிலாயின. இந்திய நாக்குக்கு ஏற்ப மிளகாயும் சோயாவும் சேர்த்து அவர்கள் வளர்த்த சமையல்தான், தமிழ்நாட்டுத் தெருமுனைகளில் இரும்புச் சட்டியில் கிளறப்படும் நூடுல்ஸுக்கும் சில்லி சிக்கனுக்கும் மூதாதை.

வெள்ளைக்காரர்களிடையிலும் அடுப்பில்லாதவர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் முதல் சில ஆண்டுகள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதி பல இடங்களில் இருந்தது. அவர்கள் கூட்டாகத் தங்கிய வீடுகளுக்குச் 'சம்மரி' என்று பெயர். மெஸ்பாரிக்கும் சம்மரிக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு, வகையில் ஒன்றே. அவர்களுடைய மாலைப் பொழுதுக்காகச் சௌரங்கியிலும் பிறகு பார்க் ஸ்ட்ரீட்டிலும் உணவகங்கள் ஏற்பட்டன. இடுகாட்டுக்குப் போகும் வழி என்பதால் முன்பு இடுகாட்டுச் சாலை என்றே அழைக்கப்பட்ட இந்தத் தெருவில், 1927-இல் சுவிட்சர்லாந்து தம்பதியர் ஃப்ளூரிஸ் என்ற தேநீர்க் கடையைத் தொடங்கினார்கள். அங்கிருந்து பிரிந்து வந்த இன்னொரு சுவிஸ்காரர் வைத்தது டிரிங்காஸ். 1950-களில் மொகாம்போ, ஸ்கை ரூம், ப்ளூ ஃபாக்ஸ் என்று வரிசையாக வந்தன. வெள்ளைக்காரர்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. 'பாக்ஸ்வாலா' எனப்பட்ட கம்பெனி அதிகாரிகளின் இருக்கைகளில் இந்தியர்கள் உட்கார்ந்தார்கள், மாலைப் பழக்கங்களையும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கடைகளில் விருந்தும் மதுவும் இசையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. மொகாம்போவில் பாம் க்ரேன் ஜாஸ் பாடினார். ப்ளூ ஃபாக்ஸில் லூயிஸ் பாங்க்ஸ் பியானோ வாசித்தார். 1969-இல் சென்னை அண்ணா சாலையில் சஃபையர் திரையரங்க வளாகத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில் முதன்முதலில் பாடிய, பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர், அதே ஆண்டில் டிரிங்காஸ் மேடையில் ஏறினார். கவுன் அணிந்த பாடகிகளுக்குப் பழகிய அரங்கில் பட்டுச் சேலையும் பொட்டுமாக நின்று மேற்கத்தியப் பாடல்களைப் பாடிய அந்த உஷா அய்யர்தான் பிற்காலத்து உஷா உதுப். கொல்கத்தா அவரைத் தன் மகளாகவே வைத்துக்கொண்டது. அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது: பொழுதுபோக்கு வரி, நக்சல்பாரி கிளர்ச்சி நாட்களின் அச்சம், கம்பெனிகள் நகரத்தை விட்டுப் போனது, ஓயாத மின்வெட்டு எல்லாம் சேர்ந்து 1970-களில் மேடைகளை ஒவ்வொன்றாக அணைத்தன. ஸ்கை ரூம் 1993-இல் மூடப்பட்டது. டிரிங்காஸில் இன்றும் மாலையில் பாட்டு உண்டு.

பார்க் ஸ்ட்ரீட்டில் 'கான்டினென்டல்' என்ற பெயரில் வரும் உணவு, உண்மையில் எந்தக் கண்டத்திலும் கிடைக்காது. நண்டுச் சதையை வெள்ளைச் சாந்தில் கலந்து ஓட்டிலேயே வைத்து வாட்டும் மொகாம்போவின் டெவில்டு கிராப், பாலாடைக்கட்டி உருகி வழியும் வாட்டல் வகைகள் ஆகியவை 1950-களின் ஆங்கில விருந்து மேசையைக் கண்ணாடிப் பேழையில் வைத்ததுபோல் காப்பாற்றுகின்றன. சுவையைவிட அந்தக் காப்பாற்றலுக்காகவே அவற்றை ஒருமுறை சாப்பிட வேண்டும். அதே முதலாளிகள் 1975-இல் தொடங்கிய பீட்டர் கேட்டின் செலோ கபாப் வேறு வகை: ஈரானில் வெண்ணெய்ச் சோற்றோடு கபாப் வைத்து உண்ணும் முறையைத் தழுவி, மேலே முட்டையும் வைத்துத் தருகிறார்கள், வரிசையில் நின்ற களைப்புக்கு ஈடு செய்கிறது. மது பரிமாறும் மேசைகளில் பாட்டி முதல் பேரன் வரை குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தமிழ்நாட்டுப் பயணி திகைக்கலாம். 'பார்' என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஏறிவிட்ட பொருள் அந்தத் தெருவில் செல்லாது. மேற்கு வங்கத்தில் மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதே சட்டம்.

குடிப்பதற்கென்றே உள்ள இடங்களில் இரண்டைச் சொல்லலாம். பார்க் ஸ்ட்ரீட்டின் ஓலி பப், முன்பு ஒலிம்பியா என்ற பெயரில் இருந்தது; அலங்காரமோ இசையோ இல்லாத கூடம், பழைய மேசைகள், மாட்டிறைச்சி ஸ்டேக். இன்னொன்று மெட்ரோ திரையரங்கின் அருகே தர்மதலாச் சந்தில் 1872 முதல் இருந்துவரும் ஷா பிரதர்ஸ். நகரம் அதைச் சோட்டா பிரிஸ்டல் என்றே அழைக்கும். பளிங்கு மேசைகளில் வழக்கறிஞரும் கடைச் சிப்பந்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வார்கள். தனி மேசை கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. குடித்து முடித்த பிறகு கணக்குப் பார்ப்பது என்ற பேச்சும் இல்லை, கிளாஸ் வரும்போதே பணம் கைமாற வேண்டும். மேசைகளுக்கிடையே சுண்டலும் வெள்ளரியும் விற்பவர்கள் நடமாடுவார்கள். பைஸ் ஹோட்டலின் அதே இலக்கணம் இங்கே மதுவுக்குப் பொருந்தி நிற்பதைக் காணலாம்: கையில் உள்ள காசுக்கு ஏற்ற அளவு, பகிர்ந்த மேசை, கடனில்லாத எழுகை. நெடுங்காலம் இது ஆண்களின் இடமாகவே இருந்தது என்பது அதன் குறை.

2019-இல், பாரம்பரியக் காப்பு நிறுவனமான இன்டாக், கொல்கத்தாவின் 14 பழைய உணவுக் கடைகளைத் தேர்ந்து நீலப் பலகை பொருத்தியது; சித்தேஸ்வரி ஆசிரமம், தில்குஷா, பாரமவுண்ட், ஓ சியூ, மொகாம்போ ஆகியவை அவற்றுள் அடங்கும். பலகை கட்டடத்தைக் காக்கலாம். ஆனால் மெஸ்பாரிகள் இடிந்து அடுக்குமாடிகளாகின்றன, கெரானியின் பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கே அடுப்பில்லாமல் இருக்கிறார்கள், பைஸ் ஹோட்டலின் பெஞ்சில் இப்போது கேமராவோடு வந்தவர்கள் கணிசமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களால் கடை பிழைக்கிறது, அவர்களாலேயே விலையும் ஏறுகிறது.

தமிழர்களும் இந்த வரிசையில் உண்டு. சி. வி. ராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தா வந்தது போலவே, கணக்கெழுதவும் சுருக்கெழுத்து எழுதவும் தெரிந்த தமிழர் பலர் அந்த நகரத்து அலுவலகங்களுக்குப் போனார்கள். தெற்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றி அவர்களுடைய குடியிருப்பு வளர்ந்தது. வாழைத்தண்டும் முருங்கைக்காயும் விற்கும் அந்தச் சந்தையின் பக்கத்தில் ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம், கோமள விலாஸ் போன்ற பெயர்கள் தோன்றியது அவர்களுக்காகத்தான். பிறகு வங்காளிகள் மசாலா தோசைக்காக அங்கே மொய்க்கத் தொடங்கினார்கள். தருண் நிகேதன் இருப்பதும் இதே வட்டாரத்தில்தான். ஒரு பக்கம் வங்காளக் கெரானிக்காக விரித்த இலை, இன்னொரு பக்கம் தஞ்சாவூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ போன கணக்கருக்காக விரித்த இலை. முதலாவதற்குத் தனிக்காசு உண்டு, இரண்டாவதற்கு இல்லை.